ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

ஐந்து பள்ளி மாணவர்கள் கொண்ட ஒரு சூப்பர் ஹீரோ குழு. ஐவருள் நால்வர் சேரிப் பிள்ளைகள். இப்படியொரு திரைப்படத்தை நாம் எழுதத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படும் கேள்வி, வில்லன் யார் என்பதன்று. இவர்களுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதே.

இவ்வகைக் கதைகளில் ஆற்றல் பெரும்பாலும் குருதிவழி வருகிறது. சூப்பர்மேன் வேற்றுக்கோளில் பிறந்தவன். தோர் கடவுளின் மகன். பிளாக் பேந்தர் அரியணையோடு ஆற்றலையும் மரபுரிமையாகப் பெறுகிறவன். 2022இல் வெளிவந்த ‘பிரம்மாஸ்திரா’வின் நாயகனுக்கும் அது பெற்றோர் வழிச் சொத்துதான். பிறப்பே தகுதி என்னும் கருத்தைப் பாப்கார்னோடு விழுங்கிவிட்டு அரங்கைவிட்டு வெளியேறுகிறோம்.

ஒடுக்கப்பட்டோரின் உருவகமாகக் கொண்டாடப்படும் ‘எக்ஸ்-மென்’னும் இதற்கு விலக்கன்று. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் படைத்த அந்த மாணவர் குழு, பிறவியிலேயே வேறுபட்டிருப்பதால் வெறுக்கப்படுகிறது. ஆனால் அவர்களுள் ஒருவனின் கண்ணிலிருந்து சுவரைத் துளைக்கும் கதிர் பாய்கிறது. அவனைக் கண்டு அஞ்சுவோருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருக்கிறது. சேரிப் பிள்ளையை ஒதுக்குவதற்கு அப்படி எந்தக் காரணமும் இருந்ததில்லை. போதாக்குறைக்கு, அந்த முதல் குழுவின் ஐவருமே வெள்ளையர்கள்.

கறுப்பினப் படைப்பாளிகள் தொடங்கிய மைல்ஸ்டோன் நிறுவனம் 1993இல் வேறு பாதையைக் காட்டியது. அதன் ‘ஸ்டாடிக்’ கதையில் வர்ஜில் ஹாக்கின்ஸ் என்னும் பள்ளி மாணவன் ஆற்றல் பெறுவது காவல்துறையின் கண்ணீர்ப்புகையால். அதில் சோதனை வேதிப்பொருள் ஒன்று கலக்கப்பட்டிருந்தது. அதே புகையில் பலர் மடிகின்றனர். அரசின் வன்முறையே ஆற்றலுக்குத் தோற்றுவாய்!

நாமும் அப்படி எழுதலாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அத்தகைய நீரைக் குடித்த பிள்ளைகள் ஆற்றல் பெற்றதாகக் கதையைத் தொடங்கலாம். ஆனால் அங்கு நமக்குத் தயக்கம் வருகிறது. இழிவுபடுத்தியவர் கையால் வரம் கிடைத்ததாகச் சொன்னால், கொடுமைக்கே ஒரு புனிதம் வந்துவிடாதா? ஆகவே நம் படத்தில் ஆற்றல் கற்றுக்கொள்ளத்தக்கதாக இருக்கட்டும். இரவுப் பாடசாலையில் அருகருகே அமர்ந்து பயில்வோர் எவருக்கும் அது வாய்க்கும். ஊர்த்தெருவிலிருந்து வந்து அமரும் ஐந்தாமவனுக்கும் வாய்க்கும். எழுந்து போனால் அவனைவிட்டு நீங்கும்.

அடுத்து, குழுவுக்கு ஒரு வண்ணம் வேண்டுமே? இங்குதான் சிக்கல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும், உடன்படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நம் நாயகர்களின் மணிக்கட்டு வெறுமையாகவே இருக்கும். முகமூடியும் வேண்டாம், நகரத்தில் வாடகை அறை தேடும்போது அடையாளத்தை மறைத்துப் பழகியவர்களுக்கு அதில் என்ன சாகசம்?

ஒரு காட்சி மட்டும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. குழுவில் ஒருத்திக்கு, தொட்ட பொருள் கண்டதையெல்லாம் காணும் ஆற்றல். அவள் தொட்டியைத் தொடுகிறாள்; கலந்தவரைக் காண்கிறாள். காவல் நிலையம் சென்று பெயரைச் சொல்கிறாள். நிலைய எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “நீ எந்தத் தெரு?” என்று கேட்கிறார்.

இடைவேளை அங்கே வர வேண்டும்.