தொண்டுக்குப் புறப்படுமுன்

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் பட்டப்படிப்பை முடித்த ஓர் இளைஞரோ, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையோ, கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய தேசங்களின் கிராமங்களுக்குச் சென்று சில வாரங்கள் ஊழியம் புரிய ஆசைப்படுவாராயின், அந்த ஆசை வணக்கத்துக்குரியது. ஆயினும் நல்லெண்ணம் எந்த நாட்டுச் சட்டத்திலிருந்தும் ஒருவருக்கு விலக்களிப்பதில்லை என்பதையும், அந்நாட்டுக் குழந்தைகளின் உரிமை நமது சேவை விருப்பத்தைவிடப் பெரிது என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே உணர்ந்துகொள்வது அவசியம்.

சம்பளமில்லாத வேலைதானே என்றெண்ணிச் சுற்றுலா விசாவிற் சென்று பள்ளியில் கற்பிப்பதுகூட அங்கே குற்றமாகலாம். தான்சானியாவில் தொண்டர்களுக்கு ‘சி’ வகுப்பு வசிப்பு அனுமதி உண்டு. உரிய அனுமதியை யார் பெற்றுத் தருவார், செலவு யாருடையது என்பதை அழைக்கும் ஸ்தாபனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது அநாதை இல்லங்களின் விஷயமே. அவற்றில் வளரும் குழந்தைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையினால் பெற்றோரைப் பிரிந்த அக்குழந்தைகளை, வெளிநாட்டார் தரும் நன்கொடையின் பொருட்டு இல்லத்திலேயே இருத்தி வைப்பதும், அதற்கென்றே கிராமங்களிற் பிள்ளைகளைத் திரட்டுவதும் நிகழ்ந்திருக்கின்றன. கென்ய அரசு 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் இக்கொடுமையைத் தன் தீர்மானத்திற் கண்டித்தது. ஆதலால், குழந்தைகளைக் கொஞ்சும் வேலையை விடுத்து, உள்ளூர் ஆசிரியருக்கோ சுகாதார ஊழியருக்கோ உதவும் பணியைத் தேடுங்கள். புத்ராஜெயாவிலுள்ள நமது வெளியுறவு அமைச்சு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழைக் கேளாமலே உங்களைப் பிள்ளைகளிடையே அனுமதிக்கும் ஸ்தாபனம், வேறு எவரையும் அவ்வாறே அனுமதிக்கும் என்பதை மறவாதீர்கள்.

தேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அச்சான்றிதழ் 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். அஃதில்லாமல் திரும்புவோரை நமது அதிகாரிகள் தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரையை மருத்துவர் குறித்த நாள்வரை, திரும்பிய பின்னும், உட்கொள்ளுங்கள். ஜொகூரிற் காய்ச்சல் என்றாலே டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். எனவே திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை நீங்களே முந்திக்கொண்டு மருத்துவரிடம் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தாமதம் உயிரைப் பறிக்கும். விக்டோரியா ஏரியில் நீந்தினால் நத்தைகள் வழியே பரவும் கிருமி நோய் பற்றக்கூடும். வாடகை மோட்டார் சைக்கிளே அங்கு அன்றாட வாகனமாகையால், அதன் பின்னிருக்கை விபத்துக்கும் உங்கள் காப்புறுதி பொருந்துமா என்று பாருங்கள்.

கட்டிய பணத்துக்கு வாக்களித்த சேவை கிட்டாவிடில், மலேசிய முகவர் மீது மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் செலுத்தி 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞரின்றியே கோரலாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரே கட்டியிருந்தால் இவ்வழி கடினமாகும். மோசடியென்று தெரிந்தவுடன் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைத்து, போலீசிலும் புகார் கொடுங்கள். கடப்பிதழை எந்த ஸ்தாபனத்திடமும் ஒப்படைக்க வேண்டாம். ஆபத்தான வேலையை மறுக்க உங்களுக்கு உரிமையுண்டு. கென்யாவுக்குச் செல்வோர் நைரோபியிலுள்ள மலேசிய உயர் தூதரகத்தில் தம் பெயரையும் தங்கும் கிராமத்தையும் முன்கூட்டியே பதிந்து, அதன் தொலைபேசி எண்ணை வீட்டாரிடமும் கொடுத்துவிட்டுப் பிரயாணப்படுவார்களாக.