ஹாம்பர்க்கில் பிறந்த டெம்போ

முருங்கைக்காயைக் கட்டுக் கட்டி வரப்பில் அடுக்கியதும், தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி "டெம்போவுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்ற வந்து நிற்பது டாடா வண்டியாக இருக்கும், மஹிந்திராவாக இருக்கும். ஆனாலும் அது டெம்போதான். டெம்போ என்பது ஒரு ஜெர்மன் கம்பெனி தன் வண்டிகளுக்கு வைத்த பெயர். அந்தக் கம்பெனி மறைந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

அந்தக் கம்பெனியான 'விடால் உண்ட் ஸோன்', அதாவது 'விடாலும் மகனும்', 1924இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. நான்கு சக்கரத்துக்குக் குறைவான சிறு வண்டிகளுக்கு 1928இல் ஜெர்மனி வரியையும் லைசென்சையும் தளர்த்தியது. கடைக்காரர்களுக்கு ஏற்ற மூன்று சக்கரச் சுமை வண்டிகளுக்கு அப்போதுதான் காலம் பிறந்தது.

அந்தக் கம்பெனியிலிருந்து 1949இல் வந்த 'ஹான்சீட்' எனக்கு மிகவும் பிடித்த வண்டி. முன்னால் ஒரே சக்கரம். 400 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செயின் மூலம் அதையே சுழற்றும். ஒற்றைச் சக்கரத்தை ஓட்ட டிஃபரன்ஷியல் தேவையில்லை. பின்னால் வரை நீளும் ஷாஃப்ட்டும் இல்லாததால் சுமை ஏற்றும் தளத்தைத் தாழ்வாக வைக்கலாம். மூட்டையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. சுமை தூக்குபவரின் முதுகை நினைத்துச் செய்த வண்டி என்றே சொல்வேன். குறையும் உண்டு: பாரம் பின்பக்கம் குவிந்தால் மேட்டில் முன்சக்கரம் பிடிப்பிழக்கும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவதால் புகை வேறு.

ஜெர்மனியில் 1956இல் ஹான்சீட் நின்றது. கம்பெனியும் 1966இல் ரைன்ஸ்டால் குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு தொழிற்சாலை டைம்லர்-பென்ஸ் வசமானது; டெம்போ என்ற பெயரும் அங்கே மறைந்தது. அதற்குள் 1958இல் பஜாஜ் டெம்போ என்ற கம்பெனி இந்தியாவில் ஹான்சீட்டைச் செய்யத் தொடங்கியிருந்தது. புனே பக்கத்து ஆகுர்டி ஆலையின் வண்டிகள் நாடெங்கும் ஓடின. பிறந்த நாட்டில் ஏழு ஆண்டுகளே வாழ்ந்த வண்டி, இங்கே 2000 வரை தயாரானது. அத்தனை காலம் கண்ணெதிரே ஓடியதால்தான், பிராண்டின் பெயர் எல்லாச் சுமை வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

2005இல் பஜாஜ் டெம்போவும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் பழனி அடிவாரத்தில் குடும்பத்தோடு வந்து இறங்கும் பக்தரைக் கேளுங்கள்; "டெம்போ டிராவலர் பிடிச்சு வந்தோம்" என்பார்.