மறையூர்: மழை மறைந்த பள்ளத்தாக்கும் முனியறைகளும்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை சாலையில் சுமார் 40 கி.மீ. இறங்கினால் மறையூர். மூணாறில் குடையோடு கிளம்பியவர்கள் இங்கே வந்ததும் அதை மடக்கி வைத்துவிடலாம். ஆனைமுடி உள்ளிட்ட உயர்ந்த மலைகள் தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே கறந்துவிடுகின்றன. பக்கத்துச் சின்னாறு காட்டுக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 500 மி.மீ. மழைதான். கேரளத்துக்குள் இப்படியொரு வறண்ட முட்காடா என்று தோன்றும்.

இந்த ஊர் கேரளத்தில் இருந்தாலும் தண்ணீர் போவது நம்ம பக்கம்தான். பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. இங்குள்ள பழைய குடிகள் இன்றும் பேசுவது தமிழ்.

இனி முனியறைகளுக்கு வருவோம். கோவில்கடவு பக்கத்து மொட்டைப் பாறை மேல் ஏறினால் கல் வீடு மாதிரி வரிசையாக நிற்கும். பக்கவாட்டில் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது, எடைதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. ஊரில் கேட்டால், "முனிவர்கள் தவம் செஞ்ச இடம்" என்பார்கள். பாண்டவர்கள் மறைந்திருந்ததால்தான் மறையூர் என்றும் ஒரு கதை உண்டு.

தொல்லியல் சொல்வது வேறு. இவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியவை. தென்னிந்தியாவில் இதே வகைச் சின்னங்கள் பலவற்றில் எலும்புகளும், கருப்பு-சிவப்புப் பானைகளும், இரும்புப் பொருட்களும் கிடைத்திருக்கின்றன. சரி, ஏன் குழி தோண்டிப் புதைக்கவில்லை? நிற்கிற இடத்தைப் பார்த்தாலே ஒரு பதில் தோன்றுகிறது. காலடியில் மண்ணே இல்லை, முழுக்கப் பாறை. அதே பாறை தகடு தகடாக உரிந்தும் கிடக்கிறது. தோண்ட முடியாத இடத்தில், கையருகே கிடைத்த பலகையை நிறுத்தி அறை கட்டியிருக்கிறார்கள். இது என் ஊகம்தான். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மண் மட்டும் காரணமாக இருக்காது.

மறையூர் சந்தனத்துக்கும் பேர்போனது. சந்தனமரம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் கோத்துக்கொண்டு உணவில் ஒரு பங்கை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் காட்டைச் சுற்றியிருக்கிற மற்ற மரங்களோடு சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். இங்கே சந்தனத்துக்கு வேலியும் காவலும் உண்டு.

முனியறைகள் விஷயமும் அதேதான். நான் பார்த்தவற்றில் பல சரிந்து கிடந்தன, சிலவற்றின் மூடுகல் கீழே விழுந்திருந்தது. ஒரு கல்லை நகர்த்தினால் போவது கல் மட்டுமில்லை, அது எந்தத் திசை பார்த்து, எதன் பக்கத்தில் நின்றது என்கிற செய்தியும்தான். எழுத்து விட்டுச் செல்லாத மக்கள் நமக்கு வைத்துவிட்டுப் போனது அந்த அடுக்கு முறை ஒன்றுதான். போகிறவர்கள் பாருங்கள், படம் எடுங்கள். மூடுகல் மேல் மட்டும் ஏறாதீர்கள்.