லண்டனில் நம் மாணவர்க்கு இடம் எங்கே?

கம்பைநல்லூரிலிருந்து நேயர் ஒருவர் எழுதிய கடிதம் நம் மேஜைமீது கிடக்கிறது. அவருடைய குமாரனுக்கு லண்டன் சர்வகலாசாலை ஒன்றில் ஓராண்டுப் படிப்புக்கு அநுமதி கிடைத்திருக்கிறது. மாந்தோப்பின்பேரில் கடன் வாங்கி முதல் தவணைச் சம்பளமும் கட்டிவிட்டார். விடுதி அறை கைக்கு வர இரண்டு வாரம் பாக்கி. "பையன் போய் இறங்கிய இரவு எங்கே படுப்பான்?" என்று கேட்கிறார். வழிப்போக்கனுக்குத் திண்ணையைக் காட்டியும் தேசாந்திரிக்குச் சத்திரம் கட்டியும் பழகிய நாட்டிலிருந்து எழுந்த கேள்வி இது. இதை அற்பமென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

இது புதிய சங்கடமுமன்று. 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்குப் போன காந்தியடிகள் விக்டோரியா ஹோட்டலில் இறங்கினார். சில நாளைக்கு மூன்று பவுன் பில் வந்தது. அவ்வளவு கொடுத்தும் அரைப்பட்டினிதான். கப்பலில் உடன்வந்த சிந்தி நண்பர் ஒருவர் அறை பார்த்துக் கொடுத்தார். படிப்படியாகச் செலவைக் குறைத்து, வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஒற்றை அறைக்கு வந்து, காலை ஆகாரத்தைத் தாமே அடுப்பில் சமைத்துக் கொண்டார்.

1905-ல் சியாமாஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் இருபத்தைந்து மாணவர் தங்கத்தக்க 'இந்தியா ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் திறந்தார். வரகனேரி வ. வே. ஸு. ஐயரும், வைத்தியம் கற்கச் சென்ற டாக்டர் தி. சே. சௌ. ராஜனும் அங்கே வாழ்ந்தவர்கள். 1909-ல் கர்ஸன் வைலி கொலைக்குப்பின் அவ்வீடு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஆங்கில அரசாங்கம் கிராம்வெல் ரோடு 21-ஆம் எண் கட்டடத்தில், புதிதாய் வரும் இந்திய மாணவர் சில நாள் தங்க அறைகள் ஏற்படுத்திற்று. படுக்கை கொடுத்தவர் கண்காணிக்கவும் செய்வர் என்று மாணவர் சந்தேகித்து ஒதுங்கினர். சந்தேகம் நியாயமே என்பது நம் அபிப்பிராயம்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் நம் பக்கத்துக்காரர். சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் தலைமைக் காரியதரிசியாக இருந்தபோது, 1920-ல் லண்டனில் இந்திய மாணவர் சங்கத்தையும் விடுதியையும் ஸ்தாபித்தார். (தர்மபுரி அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது, 1965-லேதான் பிரிந்தது.) கௌவர் வீதியிலிருந்த கட்டடம் இரண்டாவது மகா யுத்தத்தில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. பிட்ஸ்ராய் சதுக்கத்தில் 1953-ல் எழுந்த புதுக்கட்டடத்தில் அந்த விடுதி நூற்றாண்டையும் கண்டுவிட்டது.

பணமிருந்தும் இடம் கிடையாத காலமும் உண்டு. 1943-ல் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் நான்கு இரவுக்கு முன்கூட்டியே இடம் பேசிக்கொண்டு, குடும்பத்துடன் ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஹோட்டலுக்குச் சென்றார். கறுப்பு நிறத்தைக் காரணமாக்கி, ஓர் இரவுக்குமேல் தங்கலாகாது என்றார்கள். அவர் வழக்காடி 1944-ல் ஜயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஐந்து கினி. சட்டம் பயின்றவர் இதில் ஒன்றைக் கவனிப்பர். சத்திரக்காரன் தக்க காரணமின்றி வழிப்போக்கனை விலக்கக்கூடாதென்ற பழைய விதி ஹோட்டலுக்கு மட்டுமே செல்லும். அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரியை அது தொடாது. மாணவரோ பெரும்பாலும் வீட்டுக்காரியின் தயவில் இருந்தவர்கள். 1965-ஆம் வருஷத்து இனச் சட்டமும் வீட்டு வாடகையை விட்டுவிட்டது. 1968-லேதான் அக்கதவு திறந்தது.

இன்று கதவை அடைப்பது விலை. லண்டனில் படிக்கும் அந்நிய மாணவன் ஜீவனத்துக்கு மாதம் 1,483 பவுன் காட்டவேண்டுமென்று பிரிட்டிஷ் அரசாங்கம் 2025 ஜனவரியில் விதித்தது; அவ்வாண்டு நவம்பரிலேயே அதை 1,529 ஆக்கிற்று. இத்தொகையை ஒன்பது மாதம் வரையில் கணக்கிடுவர். போதாக்குறைக்கு, குடியிருப்பவனின் விஸா உரிமையை வீட்டுக்காரரே பரிசோதிக்க வேண்டுமென்ற சட்டம் 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் அமலில் இருக்கிறது. புதியவன் என்றாலே சிலர் தயங்குகிறார்கள்.

கம்பைநல்லூர் அன்பருக்கு நாம் சொல்லக்கூடியவை சில. கோடை விடுமுறையில் பல சர்வகலாசாலைகள் காலியான விடுதி அறைகளை நாள்வாடகைக்கு விடுவதுண்டு. அதை முதலில் விசாரிக்க. அது கிடையாதாயின் மாணவர் விடுதி ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டில் போதும். நேரில் பாராத வீட்டுக்கு ஒரு காசும் அனுப்பவேண்டாம்; கைப்பேசியில் வரும் அழகிய படங்களை நம்பி ஏமாந்தோர் பலர். 2019-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டுக்கு முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேற்படலாகாது. தரகர் குடிவருபவனிடம் கூலி கேட்பதும் குற்றம்.

ஆனால் இவையெல்லாம் தனி மனிதன் தற்காப்புக்கே உதவும். ஒவ்வொரு செப்டம்பரிலும் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் ஹீத்ரோவில் இறங்குகிறார்கள். முதல் பதினைந்து நாள் தங்க, நியாய வாடகையில் ஐம்பது கட்டில் கொண்ட ஓர் இல்லத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கமும் லண்டன் தமிழ்ச் செல்வரும் சேர்ந்து அமைக்கலாகாதா? 1905-ல் ஒரு தனி மனிதரின் பணம் இருபத்தைந்து பேருக்குக் கூரை கொடுத்தது. அன்பரின் கடிதத்தைச் சென்னையில் உரிய மந்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். வரும் பதிலை இப்பகுதியிலேயே வெளியிடுவோம். பையனுக்கு அறை அமர்ந்ததும் அன்பரும் நமக்கு ஒரு வரி எழுதுவாராக.