மோப்ப நாய்க்கு வாத்தியார் ஆகலாமா?

“மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.”

திருட்டுச் செய்திகளின் கடைசியில் இந்த மூன்று வாக்கியங்களைப் பத்திரிகை வாசகர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள். “இதற்குத்தானா தினம் கறியும் சோறும் போட்டு வளர்க்கிறார்கள்?” என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினாரே ஒரு போலீஸ்காரர், அவரைப் பற்றிச் செய்தியில் ஒரு வார்த்தையும் இராது. அவர் யார்? இந்த வேலைக்கு எப்படி வந்தார்?

“நாய் என்றால் எனக்கு உயிர். இதையே உத்தியோகமாகக் கொள்ள வழி உண்டா?” என்று கேட்கும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வழி உண்டு. ஆனால் அவர்கள் தேடும் வாசலில் அது இல்லை. தவிர, இந்த உத்தியோகத்தில் முதலில் பாடம் படிக்க வேண்டியவன் நாய் அல்ல, மனிதன்தான்!

பெயர் வாங்கிய நாய்கள்

1993-ஆம் ஆண்டு மும்பையில் குண்டுகள் தொடர்ச்சியாக வெடித்தன. அதையடுத்து நடந்த தேடுதலில் ‘ஸஞ்சீர்’ என்ற லாப்ரடார் நாய் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தையும், 600 டெட்டனேட்டர்களையும், 249 கையெறி குண்டுகளையும் காட்டிக் கொடுத்தது. எத்தனை குடும்பங்கள் அதனால் பிழைத்தன என்று யார் கணக்குச் சொல்ல முடியும்? 2000-ஆம் ஆண்டில் அது இறந்தபோது போலீஸார் முழு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது, நமது தேசியப் பேரிடர் மீட்புப் படை தன் நாய்களையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிற்று. ‘ஜூலி’ என்ற நாய் இடிபாட்டுக் குவியல் ஒன்றின் மீது நின்று குரைத்தது. ‘ரோமியோ’ என்ற இரண்டாவது நாயை விட்டுச் சோதித்தார்கள். அதுவும் அதையே சொல்லிற்று. தோண்டிப் பார்த்தால், 6 வயதுச் சிறுமி உயிரோடு இருந்தாள்!

வாசல் எது?

போலீஸ் இலாகாவில் நாயை நடத்துகிறவர் முதலில் ஒரு போலீஸ்காரர். நமது மாநிலத்தில், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுதான் அதற்கு முதற்படி. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை உண்டு, ஓட்டம் உண்டு, கயிறு ஏறுதல் உண்டு. தேறி, காவலர் பயிற்சியை முடித்து, படையில் வேலை பார்க்கும்போது, மோப்ப நாய்ப் பிரிவில் இடம் ஏற்பட்டால் விருப்பம் தெரிவிக்கலாம்.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஆகியவற்றிலும் நாய்ப் பிரிவுகள் உண்டு. இவற்றுக்கும் பத்தாம் வகுப்புப் படிப்போடு, மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் காவலர் பரீட்சை மூலம் போகலாம். இந்தப் படைகளில் இருப்பவர்களே பேரிடர் மீட்புப் படைக்கும் அனுப்பப்படுகிறார்கள். அதன் ஒரு பட்டாலியன் நமது அரக்கோணத்திலேயே இருக்கிறது. கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள், ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் அதிகாரியாகவே சேரலாம். பெண் காவலர்களும் இன்று நாய்களை நடத்துகிறார்கள்.

தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு நாய்களைப் பழக்கிப் பிழைப்பு நடத்த அது பிரயோஜனப்படலாம். போலீஸ் உத்தியோகத்துக்கு அந்தச் சான்றிதழ் சீட்டு ஆகாது. இன்னொரு சங்கடமும் உண்டு. கஞ்சாவைக் கண்டுபிடிக்க நாயைப் பழக்க வேண்டுமானால், கையில் கஞ்சா வேண்டுமே! உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி குற்றம். வெடிமருந்தோ கேட்கவே வேண்டாம். வாத்தியாரே வலையில் சிக்கிக்கொள்வார்!

நாய்களின் பள்ளிக்கூடம்

மத்தியப் பிரதேசத்தில், குவாலியருக்குப் பக்கத்தில் டேகன்பூர் என்ற ஊர் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படை அங்கே 1970 முதல் நாய்களுக்கான தேசியப் பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. மாநிலப் போலீஸாரும் நாய்களோடு அங்கே போய்ப் படிக்கிறார்கள். ராணுவ நாய்களுக்கு மீரட் நகரில் 1960 முதல் பயிற்சி தரப்படுகிறது. பெங்களூருக்கு அருகே தரளு என்ற இடத்தில், மத்திய ரிசர்வ் படை 2011 முதல் நாய்களை வளர்த்துப் பழக்குகிறது. ரயில்வே பாதுகாப்புப் படையின் நாய்ப் பள்ளி ஒன்று நமது போத்தனூரில் உண்டு.

இந்தப் பள்ளிகளின் விசேஷம், நாயும் காவலரும் சேர்ந்தே வகுப்புக்குப் போவதுதான். முதலில் உட்கார், நில், கூடவே நட என்ற கட்டுப்பாட்டுப் பாடங்கள். பிறகு தனித்தொழில். வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் படிப்புக்குச் சுமார் 6 மாதம். குற்றவாளியின் தடம் பிடிக்கும் படிப்புக்குச் சுமார் 9 மாதம்.

பந்துதான் சம்பளம்

மனிதனின் மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் சுமார் 50 லட்சம். நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேல். ஆகவே மோப்பம் பிடிக்க நாய்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எதை மோப்பம் பிடிப்பது, பிடித்ததை எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம்.

வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் மட்டும் வெடிமருந்தின் வாசனை. நாய் அதை முகர்ந்து நின்ற அதே கணத்தில் அதற்குப் பிடித்த பந்து வந்து விழும். இப்படியே நூற்றுக்கணக்கான தடவை! வெடிமருந்து என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. இந்த வாசனை வந்தால் பந்து வரும், அவ்வளவுதான். கண்டதும் அது சத்தம் போடாமல் உட்கார வேண்டும். பிராண்டினாலோ கவ்வினாலோ குண்டு வெடித்துவிடும் அல்லவா?

பந்து ஒரு நொடி தாமதமாக வந்தால் நாய் வேறு எதையோ கற்றுக்கொள்ளும். வீட்டுச் சண்டையின் கோபத்தோடு காவலர் மைதானத்துக்கு வந்தால், அன்றைய பாடம் பாழ். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற தொழில் அல்ல.

வாத்தியாரே விடையைச் சொல்லிக் கொடுத்தால்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது. நாய் பெட்டியை மட்டும் முகருவதில்லை, தன் எஜமானரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவர் கால் எங்கே தயங்குகிறது, வார் எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாயும் நடத்துபவருமாக 18 ஜோடிகள் அதில் கலந்துகொண்டன. “இங்கே வாசனைப் பொருள் இருக்கலாம். சில இடங்களில் சிவப்புக் காகிதம் அடையாளமாக இருக்கும்” என்று நடத்துபவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் ஒன்றுமே வைக்கவில்லை. 144 தேடுதல்களில், “ஒன்றும் இல்லை” என்று சரியான விடை வந்தவை 21 மட்டுமே! சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில், “நாய் காட்டிக் கொடுத்தது” என்ற பதில் அதிகம் வந்தது. மனிதன் எதிர்பார்த்தான், அவனுக்கு அது கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் இது வெறும் பிழை. ஊரில் கொலை நடந்து, “அவன்தான் செய்திருப்பான்” என்று நாலு பேர் ஒரு வீட்டைக் கைகாட்டும்போது, இதே பிழை ஓர் அப்பாவியைச் சிறையில் தள்ளிவிடும்.

அதனால்தான் சுப்ரீம் கோர்ட், மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 1969-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை செய்தது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறிப் பிரமாணம் செய்ய முடியாது. குறுக்கு விசாரணைக்கும் அது பதில் சொல்லாது. அதன் சார்பில் பேசுகிறவர் அதை நடத்திய காவலர்தான். ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தைத் தொங்கிக்கொண்டிருக்கலாமா? ஆகவே அந்தச் சாட்சியத்துக்கு அதிகக் கனம் தர முடியாது என்றது கோர்ட். துப்புத் துலக்க நாய் உதவலாம், குற்றத்தை நிரூபிக்க அது மட்டும் போதாது என்பதே இன்றைக்கும் நிலைமை.

இப்போது அந்த மூன்று வாக்கியங்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். நாய் வருமுன் ஊரே திரண்டு வந்து தடத்தை மிதித்திருக்கும். திருடன் தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் ஏறியிருப்பான். வாசனை அங்கே அறுந்துபோகிறது, நாயும் நின்றுவிடுகிறது. கூட்டம் கேலி செய்கிறது. மேலதிகாரி முகம் சுளிக்கிறார். அப்போதும் வாரை இழுக்காமல், “இதற்கு மேல் தடம் இல்லை, ஐயா” என்று சொல்லும் காவலர்தான் தொழில் தெரிந்தவர். நாய் யாரையும் கவ்வாமல் நின்றது சில சமயம் தோல்வியே அல்ல, யோக்கியமான சாட்சி!

சேருமுன் யோசியுங்கள்

விடியற்காலையில் எழுந்து கொட்டிலைக் கழுவ வேண்டும். ரோமம் வார வேண்டும், உடம்பைத் தடவி உண்ணி பார்க்க வேண்டும், ஓட்டிப் பழக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் என்றால் கூட்டம் கூடும் இடத்தில்தான் வேலை. நடுராத்திரியில் அழைப்பு வந்தால் இருவரும் கிளம்ப வேண்டும். நாய்க்குக் காய்ச்சல் என்றால் வாத்தியாருக்கும் தூக்கம் கிடையாது.

இவ்வளவும் செய்து, எட்டுப் பத்து வருஷத்தில் ஒரு நாள் நாய் ஓய்வு பெறும். காவலருக்கோ இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கும். பழைய துணையைப் பிரிந்து, மறுநாள் ஒரு குட்டியோடு “உட்கார், நில்” என்று முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் சம்மதம் என்கிற இளைஞர்கள் இன்றே தேர்வு வாரியத்தின் அறிவிக்கையைப் பார்க்கலாம். ஓடிப் பழகலாம், கயிறு ஏறிப் பழகலாம். வீட்டில் நாய் இருந்தால், ஒரு பந்தை ஒளித்து வைத்து, தேடும்போது கண்ணாலும் காலாலும் ஜாடை காட்டாமல் நிற்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். முடிகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் பாதிப் படிப்பு முடிந்தது என்றே சொல்லலாம்.