ஸ்காட்லாந்தின் ஹாகிஸ்

அறுத்த ஆட்டில் எதையும் வீணாக்காத சமையல் பக்குவம் ஸ்காட்லாந்தின் ஹாகிஸ். செம்மறியாட்டின் இதயம், ஈரல், நுரையீரலை வேகவைத்துப் பொடியாகக் கொத்துவார்கள். வெங்காயம், கொழுப்பு, வறுத்த ஓட்ஸ், மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்து, சுத்தம் செய்த ஆட்டு இரைப்பைக்குள் அடைப்பார்கள். முழுக்க நிரப்பக் கூடாது. நிரப்பினால், ஓட்ஸ் வெந்து பெருகும்போது இரைப்பை வெடித்துவிடும். வாயைத் தைத்து, மூன்று மணி நேரம் போல மெல்லக் கொதிக்கவிட வேண்டும். இன்று பெரும்பாலும் செயற்கை உறைதான்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் ஹாகிஸைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதினார். அவர் பிறந்த நாளான ஜனவரி 25 அன்று இரவு, பேக்பைப் இசை முழங்க ஹாகிஸ் விருந்துக்கு வரும். அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டே கத்தியால் கீறுவார்கள். ஆவி குபுகுபுவென்று எழும். தொட்டுக்கொள்ள, மசித்த உருளைக்கிழங்கும் டர்னிப்பும்.