முட்டையில்லாத சாக்லேட் செர்ரி கேக்

டில்லியில் வாழும் நம் குடும்பங்களில் குழந்தைகளின் பிறந்த நாள் இரண்டு பகுதிகளாக நடக்கும். காலையில் கோயில், வடை, பாயசம். மாலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள், மெழுகுவர்த்தி, கேக். எங்கள் வீட்டில் இரண்டாவது பகுதி தொடங்கியதும் என் மாமியார் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். கடைக் கேக்கில் முட்டை உண்டு. யாரையும் குறை சொல்லமாட்டார். ஆனால் அது மேஜையை விட்டுப் போகும்வரை வெளியே வரமாட்டார். "பாட்டி ஏம்மா என் பர்த்டேக்கு வரலை?" என்று ஆறு வயது மகள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முட்டையில்லாமல் வீட்டிலேயே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இது 1996 ஜூன் மாதம்.

மகள் கேட்டது ‘பிளாக் ஃபாரஸ்ட்’. ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஒரு காட்டு மலைப் பகுதியின் பெயர் அது. அங்கே இந்தக் கேக்கில் செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ் என்னும் சாராயத்தையும் சேர்ப்பார்கள். மாமியாரிடம் இந்த விவரத்தை நான் சொல்லவில்லை. டில்லியின் ஜூன் வெயிலில் க்ரீம் நிற்காது என்பதால், செர்ரியைக் கேக்குக்கு உள்ளேயே போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் மூடியில் கண்ணாடி வைத்த வட்டமான அலுமினிய அவன் இருந்தது. மாவைக் கலந்து வைத்துவிட்டு அதை வாங்கி வரப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அவர் கடைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அவனில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தும் பார்த்தேன். வெளியே எடுத்தபோது நடுப்பகுதி உட்கார்ந்து போயிருந்தது. செர்ரி முழுவதும் அடியில். மாமியார் எட்டிப் பார்த்து, "ஏம்மா, நடுவிலே கிணறு வெட்டியிருக்கே?" என்றார்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. முட்டை சூட்டில் இறுகி, கேக்கின் உள்ளே உண்டாகும் காற்றுக் குமிழ்களுக்குச் சுவர் போல நிற்கிறது. முட்டையில்லாத கேக்கில் ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் எழுப்பும் வாயுவை மாவு மட்டுமே தாங்கவேண்டும். சோடாவில் புளிப்பும் ஈரமும் பட்டவுடன் வாயு கிளம்பிவிடும். என் மாவு காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியதும் மூடியைத் திறந்து திறந்து சூட்டைக் குறைத்ததில் நிலைக்கவில்லை. ஆகவே அவனை முதலில் சூடாக்குங்கள். பால் சேர்ப்பது கடைசி வேலை. எழும்பவில்லை என்று அடுத்த முறை சோடாவைக் கூட்டிப் போடுவதும் தவறு. வேகமாக எழும்பி, வேகமாக விழும். சோப்பு வாடையும் அடிக்கும்.

முட்டையில்லை என்று தெரிந்ததால் மாமியார் அடியிலிருந்த ஒரு செர்ரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். "இது களாக்காய்தானே? நாம ஊறுகாய் போடறதை இவன் பாகிலே போட்டுச் சாயம் ஏத்தியிருக்கான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மளிகைக் கடைக்காரரைக் கேட்டேன். "கரோந்தாதான், வேறென்ன?" என்று சிரித்தார். பாக்கெட்டில் வரும் சிவந்த சர்க்கரைச் செர்ரியில் பெரும்பாலானது இதுதான். அதில் கெடுதல் ஒன்றுமில்லை; செர்ரி என்று விலை கொடுக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். அசல் செர்ரி காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் மே நடுவில் தொடங்கி ஜூன் முழுவதும் சின்னச் சின்னப் பெட்டிகளில் டில்லிக்கு வரும். என் மகளின் பிறந்த நாளும் அதே பருவத்தில்!

அடுத்த ஆண்டு நான் செய்த அளவு இது. மைதா 200 கிராம், கோகோ 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை மூன்று முறை சலிக்கவேண்டும். கன்டென்ஸ்ட் மில்க் 400 கிராம் டின் ஒன்று, வெண்ணெய் 120 கிராம், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். பால் 180 மில்லி. அதில் ஒரு மேஜைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவிடுங்கள். சர்க்கரை தனியாக வேண்டாம்.

செர்ரி 150 கிராம். கொட்டையை நீக்கி இரண்டாக நறுக்கி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டுங்கள். பாக்கெட் செர்ரியானால் வெந்நீரில் அலசிப் பாகைப் போக்கவேண்டும். மைதாவில் புரட்டினாலே மூழ்காது என்பார்கள். அது பாதி உண்மை. மாவு நீர்த்திருந்தால் எதில் புரட்டினாலும் மூழ்கும். கரண்டியிலிருந்து இட்லி மாவு போலத் தொப்பென்று விழவேண்டும். கொஞ்சம் பாலை நிறுத்தி வைத்துப் பதம் பார்த்துச் சேருங்கள். துண்டுகளில் பாதியைக் கலந்து, மீதியை மேலே தூவிவிடுவது என் வழக்கம்.

வெண்ணெயையும் கன்டென்ஸ்ட் மில்க்கையும் நுரைக்க அடித்து, எசென்ஸ் விட்டு, மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, கட்டியில்லாமல் ஆனதும் நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் மைதா இழுபட்டுக் கேக் ரப்பராகும். வெண்ணெய் தடவிய எட்டு அங்குலப் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஊற்றி, 170 டிகிரியில் 45 நிமிடம் போல வேகவிடவேண்டும். முதல் அரை மணி திறக்கவே கூடாது. நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது.

அவன் இல்லாதவர்கள் பழைய குக்கரில் ஒன்றரைக் கப் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கியபின் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் ஐம்பது நிமிடம் விடலாம். தண்ணீர் ஊற்றக்கூடாது. நன்றாக ஆறியபின்தான் வெட்டவேண்டும்.

1997-ல் மெழுகுவர்த்தி ஏற்றும்போது மாமியார் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். முதல் துண்டைப் பேத்தி அவருக்குத்தான் ஊட்டினாள். ஊருக்குப் போகையில் இரண்டு துண்டுகளை ஜி.டி. எக்ஸ்பிரஸில் எடுத்துப் போனார். கோடையில் இரண்டு நாள்வரை தாங்கும். போய்ச் சேர்ந்ததும் இன்லண்ட் கடிதம் வந்தது: கேக் கெடவில்லை, கொல்லையில் களாக்காய் காய்த்திருக்கிறது, பாகில் போட்டு அனுப்பட்டுமா என்று.

அனுப்பினார். சாயம் இல்லாததால் பழுப்பு நிறமாக இருந்தது. கேக்கில் நன்றாகவே இருந்தது.